பழைய கேம்பர் வேனுக்குப் புதிய சைலன்சர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனுடன் சேர்வதால் பிறக்கும் தண்ணீர் அது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் புகைக்குழாய் முழுவதும் சூடேறிவிடுவதால், அது ஆவியாகவே வெளியேறிவிடும். உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணம் போக உதவும் கேம்பர் வேன் அப்படி ஓடுவதில்லை. பல வாரங்கள் நிற்கும். பிறகு கொஞ்ச தூரம் நகர்த்தி மறுபடி நிறுத்துவார்கள். என்ஜினிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் பின்பக்க சைலன்சர் அதற்குள் சூடாகாது. ஆவி அங்கே நீராகி, புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் சேர்மங்களைக் கரைத்து, மெல்லிய அமிலமாகத் தேங்கிவிடும். துரு உள்ளிருந்துதான் தின்னத் தொடங்குகிறது. ஆகவே வெளிப்பூச்சின் பளபளப்பை நம்பக் கூடாது.

மாற்று உறுப்பு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் உலோகம். சாதாரண எஃகு மலிவு. ஆனால் நிற்கும் வண்டிக்கு அது தாங்காது. அலுமினியம் பூசிய எஃகு நல்ல நடுவழி. ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் வகைகள் உண்டு. 409 வகையில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பு படிந்தாலும் ஓட்டை விழ நெடுநாள் ஆகும். காந்தம் இதில் ஒட்டும். அதனால் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 304 வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். துருவை மிக நன்றாக எதிர்க்கும். ஆனால் சூட்டில் அதிகம் நீளும்: 400 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் சாதாரண எஃகுக் குழாய் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீள, இது 7 மில்லிமீட்டர் நீளும். குழாயைத் தாங்கும் பழைய தொங்கு ரப்பர்கள் கெட்டித்துப்போயிருந்தால் அந்த நீட்சி முழுவதும் இணைப்புகளை நெரிக்கும். ரப்பர்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை இருக்கும். உறைக்குள் சூடாகும் காற்றுதான் வண்டிக்குள் வெப்பமாக வருகிறது. உள்குழாயில் ஊசித்துளை விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். எனவே இந்த வெப்ப உறையில் மட்டும் பழைய பாகத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். இன்னொன்று: 1972 மாடலிலிருந்து இவற்றில் சிலவற்றுக்கு 1700 சிசி கொண்ட, வடிவமைப்பே வேறான என்ஜின் வந்தது. இரண்டின் புகைக்குழாய்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. அரை நூற்றாண்டில் என்ஜினே மாறியிருக்கவும் கூடும். வண்டியின் ஆண்டைச் சொல்லாமல், என்ஜினில் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வால்குழாயின் நீளம் பலர் கண்ணில் படுவதில்லை. பெட்டி போன்ற வேன் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை அங்கே சுழன்று நிற்கும். ஜன்னல் திறந்திருந்தாலோ பின்கதவு ரப்பர் தேய்ந்திருந்தாலோ அது உள்ளே இழுக்கப்படும். அந்தக் கதவுக்கு அடுத்துத்தான் பெரும்பாலும் படுக்கை இருக்கிறது. குழாயின் முனை வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும்.

விட்டத்தைப் பொறுத்தவரை பழைய அளவே போதும். அகலமான குழாயில் வாயுவின் வேகம் குறைந்து, மேட்டில் ஏறத் தேவையான குறைவேக இழுவை தளரும். ஆக்சிஜன் சென்சார் (எரிபொருளின் அளவைச் சரிசெய்யப் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) உள்ள வண்டியானால், அதற்கு முன்னால் சிறு கசிவும் ஆகாது. அழுத்தம் தாழும் கணங்களில் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்ற, என்ஜின் தேவைக்கு மேல் எரிபொருளைக் குடிக்கும்.

இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் நேரானபின், என்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முடுக்குங்கள். பிறகு திறந்த வெளியில், குழாய் சூடேறும் முன், இணைப்புகளில் சோப்புநீர் தடவி என்ஜினை ஓட்டுங்கள். குமிழி எழும் இணைப்பைப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும்.