பஸ் வராது என்பதை நார்வேக்காரர் எப்படிச் சொல்கிறார்?

ஆஸ்லோவில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சொற்கள் தெரிகின்றன, உச்சரிப்பும் பரவாயில்லை. ஆனால் 'நோ யேய் த்ரூர்' என்று தொடங்கினால் உடனே திருத்துகிறார்கள். 'நோ த்ரூர் யேய்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஏன்?"

அருமையான கேள்வி. நார்வீஜிய இலக்கணத்தின் மிக அழகான பகுதி இதற்குள்தான் இருக்கிறது. பனிக்காலக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

நோ த்ரூர் யேய் இக்கெ அத் புஸ்ஸன் கொம்மெர்.

நம் பேச்சில், "இனிமே பஸ் வராதுன்னு நினைக்கிறேன்." முதலில் நிற்கும் 'நோ' ஆங்கில மறுப்புச் சொல் அல்ல, 'இப்போது' என்று பொருள். மறுப்பு 'இக்கெ'. 'த்ரூர்' நினைப்பதைக் குறிக்கும் வினை, 'யேய்' நான், 'அத்' என்று, 'கொம்மெர்' வருதல்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவள், அவர்கள், யாரானாலும் 'த்ரூர்' தான். விகுதி ஆளைக் காட்டாததால் 'யேய்' என்பதை விட்டுவிட முடியாது. நமக்கோ 'நினைக்கிறேன்' மட்டுமே போதும். எதிர்காலத்துக்கும் பெரும்பாலும் நிகழ்கால வடிவமே வேலை செய்யும். 'புஸ்' என்றால் ஏதோ ஒரு பஸ்; 'புஸ்ஸன்' என்றால் நாம் காத்து நிற்கும் அந்த பஸ். சுட்டும் வேலையைச் சொல்லின் வால் செய்கிறது. வால் பாலுக்கேற்ப மாறும்: 'பூக்' புத்தகம், 'பூக்கா' அந்தப் புத்தகம், 'ஹூஸ்' வீடு, 'ஹூஸெ' அந்த வீடு. எந்தச் சொல் எந்தப் பால் என்பதற்கு நம்பகமான விதி இல்லை. சொல்லைப் படிக்கும்போதே வாலோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவதுதான் வழி.

இனி வாசகரின் கேள்வி. முதன்மை வாக்கியத்தில் வினைக்கு இரண்டாவது இருக்கை. முதல் இருக்கையில் எழுவாய் உட்காரலாம், காலம் உட்காரலாம், இடம் உட்காரலாம். யார் உட்கார்ந்தாலும் அடுத்து வினைதான். எழுவாய் முதலில் வந்தால் 'யேய் த்ரூர்'. அந்த இடத்தை 'நோ' பிடித்துக்கொண்டால் எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும். 'நோ யேய் த்ரூர்' என்னும்போது வினை மூன்றாவதாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் வழியாக நார்வீஜியம் கற்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் 'இப்போது' முன்னால் வந்தாலும் எழுவாய் நகர்வதில்லை.

எண்ண வேண்டியது சொற்களை அல்ல, உறுப்புகளை. "விஸ் புஸ்ஸன் இக்கெ கொம்மெர், கோர் யேய்." பஸ் வராவிட்டால் நடந்தே போவேன். இதில் 'விஸ்' என்று தொடங்கும் நான்கு சொற்களும் சேர்ந்து ஒரே முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் அடுத்து 'கோர்' என்ற வினை வந்து, அதன் பிறகு 'யேய்' வருகிறது.

அந்த வாக்கியத்தையே இன்னொரு முறை பாருங்கள். 'இக்கெ கொம்மெர்' என்று மறுப்பு வினைக்கு முன்னால் இருக்கிறது. தனி வாக்கியமாகச் சொன்னால் 'புஸ்ஸன் கொம்மெர் இக்கெ' என்று மறுப்பு பின்னால் போய்விடும். இடம் மாறியது 'இக்கெ' என்று தோன்றும். உண்மையில் அது அசையவே இல்லை. வினையின் சொந்த வீடு 'இக்கெ'க்குப் பின்னால் இருக்கிறது. முதன்மை வாக்கியத்தில் வினை எழுந்து, 'இக்கெ'யைத் தாண்டி, இரண்டாம் இருக்கைக்கு வருகிறது. துணை வாக்கியத்தில் 'அத்', 'விஸ்' போன்ற இணைப்புச் சொல் அந்த இருக்கையை முன்பே பிடித்துவிடுகிறது. இடமில்லாத வினை வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

வாக்கியத்தை இப்படி நிலையான கட்டங்களாகப் பிரிக்கும் முறையை டேனிஷ் மொழிக்கு வகுத்துக் கொடுத்தவர் பௌல் டீடெரிக்ஸன். அவருடைய இலக்கண நூல் 1946இல் வெளியானது. அவர் முதன்மை வாக்கியத்துக்கு ஒரு கட்டமைப்பும் துணை வாக்கியத்துக்கு வேறொன்றும் வைத்திருந்தார். இணைப்புச் சொல்லும் வினையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்று 1983இல் வெளியான கட்டுரையில் வாதிட்டவர் டச்சு மொழியியலாளர் ஹன்ஸ் டென் பெஸ்டன். இரண்டு விதிகள் ஒன்றாகிவிட்டன.

'கான்ஷெ' என்றால் 'ஒருவேளை'. இதற்கு ஒரு சலுகை உண்டு: "கான்ஷெ புஸ்ஸன் இக்கெ கொம்மெர்." வினை இரண்டாவதாக வரவில்லை, ஆனாலும் இது சரியான வாக்கியம். காரணம் சொல்லின் பிறப்பில் இருக்கிறது. 'கான்' கூடும், 'ஷே' நிகழ்தல். 'நிகழக்கூடும்' என்ற பழைய வினைத்தொடர்தான் ஒரே சொல்லாக இறுகியிருக்கிறது. அதற்குள் ஒரு வினை ஒளிந்திருப்பதால், பின்னால் வருவது துணை வாக்கியத்தின் வரிசையில் அமைகிறது. 'இக்கெ' வினைக்கு முன்னால் நிற்பதே அதற்குச் சாட்சி.

வட்டார வழக்குகளும் இரண்டாம் இருக்கை விதியை வளைக்கின்றன. ஆஸ்லோவில் உன் பெயர் என்ன என்பதற்கு 'வா ஹேத்தெர் டூ' என்பார்கள். வடக்கே ட்ரொம்ஸோவில் 'கா டூ ஹேத்தெர்' என்று வினையைக் கடைசியில் விடுவது இயல்பு. இத்தகைய பேச்சை நார்டிக் நாடுகளின் பல ஊர்களில் பதிவு செய்து, யாரும் தேடிப் பார்க்கும்படி ஆஸ்லோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பொதுப் பணத்தை இதைவிட நல்ல வழியில் செலவிட முடியாது என்பது என் எண்ணம். நெல்லைக்கும் கொங்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த அளவிலான வேலை நடக்க வேண்டும்.

இதே இரண்டாம் இருக்கை விதி காஷ்மீரியிலும் உண்டு. அதை நார்வேயிடமிருந்து காஷ்மீரி வாங்கவில்லை, காஷ்மீரியிடமிருந்து நார்வேயும் வாங்கவில்லை. ஒலி ஒத்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு மூலமொழியை அறிவித்துவிடும் காணொளிகளைப் பார்த்து வருந்துபவர்கள் இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு அரிய ஒற்றுமையே கொடுக்கல் வாங்கல் இல்லாமல் தோன்றியிருக்கிறது.

நம் முதல் எடுத்துக்காட்டில் மறுப்பு எந்த வாக்கியத்தில் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். நாம் 'வராது' என்று பஸ்ஸை மறுக்கிறோம். நார்வேக்காரர்கள் 'த்ரூர் யேய் இக்கெ' என்று நினைப்பை மறுக்கிறார்கள். "பஸ் வரும்னு நினைக்கலை" என்று அப்படியே தமிழாக்கினால், பஸ் வந்து நின்ற பிறகு வியப்போடு சொல்வதுபோல் ஆகிவிடும். அந்தப் பொருளுக்கு அவர்கள் இறந்தகாலத்துக்குப் போய் 'யேய் த்ரூடெ இக்கெ' என்பார்கள்.

கடைசியாக, 'த்ரூர்' ஏன்? தமிழில் 'நினைக்கிறேன்' என்ற ஒரு சொல் செய்யும் வேலையை அங்கே குறைந்தது நான்கு வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சரியா தவறா என்று பின்னால் தெரியவரும் ஊகத்துக்கு 'த்ரூர்'. பஸ் வரும் அல்லது வராது. நாமே அனுபவித்துச் சொல்லும் அபிப்பிராயத்துக்கு 'ஸீனெஸ்'. யோசித்து எடுத்த உறுதியான நிலைப்பாட்டுக்கு 'மேனெர்'. மனதுக்குள் ஓடும் சிந்தனைக்கு 'தெங்கெர்'. காபியைக் குடித்துவிட்டு 'யேய் ஸீனெஸ் காஃபன் ஆர் கூ' என்றால் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறீர்கள். அதையே 'யேய் த்ரூர் காஃபன் ஆர் கூ' என்றால், நன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறீர்கள், இன்னும் குடிக்கவில்லை என்று பொருள். விருந்துக்கு அழைத்த வீட்டில் தட்டைக் காலி செய்தபின் இப்படிச் சொன்னால், சமைத்தவர் உங்கள் தட்டை ஒருமுறை பார்ப்பார்.