விளையாடுபவர் கண்ணில் படாத உழைப்பு

சிறு குழுக்கள் உருவாக்கும் வீடியோ கேம்களை வெளியீட்டுக்கு முன் சோதித்துக் கருத்துச் சொல்வது என் தொழில். சில போட்டிகளில் முதற்கட்டத் தேர்வாளராகவும் இருந்திருக்கிறேன். ஒரு கேமில் மிகுந்த சிரமத்துடன் செய்யப்பட்ட பகுதி, சரியாக அமைந்துவிட்டால், யார் கண்ணிலும் படுவதில்லை என்பதை இரண்டு வேலைகளிலும் கண்டு வருகிறேன். ஓவியத்துக்கும் இசைக்கும் கதைக்கும் விருதுப் பிரிவுகள் உண்டு. விளையாடுபவருக்கு எரிச்சல் வராமல் பார்த்துக்கொண்டவருக்குப் பெரும்பாலும் இல்லை.

2018-இல் வெளிவந்த 'செலெஸ்ட்' மலையேறும் கேம். அதன் நாயகி விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும், ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரை, தாவுவதற்கான பொத்தானை அது ஏற்றுக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்ட கணத்தில் தாவச் செய்கிறது. தலை ஒரு மூலையில் இடித்தால் சில பிக்செல்கள் நகர்த்தி வழிவிடுகிறது. இத்தகைய சலுகைகளை நீக்கிய ஒரு பில்டை, அதாவது கேமின் ஒரு சோதனைப் பதிப்பை, சோதனையாளர்களிடம் கொடுத்தால், அவர்கள் குறை சொல்வது கையில் பிடித்திருக்கும் கேம்பேடைத்தான். சலுகைகள் இருக்கும் பில்டில் அதே ஆட்கள் தங்கள் திறமையை மெச்சிக்கொள்கிறார்கள். (அப்படி மெச்சிக்கொள்ள வைப்பதுதான் நோக்கமும்.)

அதே ஆண்டில் லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' முழுவதும் இரண்டே நிறங்களின் புள்ளிகளால் ஆனது. பார்வைக் கோணம் திரும்பும்போது அந்தப் புள்ளிகள் திரையில் நெளிந்து கண்ணை உறுத்தின. அவற்றைக் காட்சியோடு ஒட்டி நிற்க வைக்க அவர் சுமார் 100 மணி நேரம் செலவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். கேமின் தோற்றம் விருது பெற்றது; ஆனால் அதைப் புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த நெளிவு நீக்கப்பட்டதை அறிந்திருப்பார்கள்? அவர் எழுதி வைக்காவிட்டால் நானும் அறிந்திருக்க மாட்டேன்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் 2021 முதல் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின்றன. தேர்வாளருக்கு ஒரு கேமுடன் கிடைப்பது பல நேரங்களில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள், இடையில் மின்சாரம் போனாலும் சேமிப்புக் கோப்பு சிதையாமல் இருப்பதையோ, ஒரு கையால் மட்டும் விளையாடக்கூடியபடி பொத்தான்களை மாற்றியமைக்க முடிவதையோ அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆகவே கேம் உருவாக்குவோரே, போட்டிக்கான விண்ணப்பத்தில் கதைச் சுருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை, தீர்ப்பதற்கு முன்னும் பின்னுமான இரு சிறு காணொளிகளோடு விளக்குங்கள். போட்டி நடத்துவோரும் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

கேமை உருவாக்கியவர்களைக் குறிப்பிடும் பெயர்ப்பட்டியலில்தான் நிலைமை இன்னும் மோசம். 2007-இல் எரின் காட்டோ கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட 'பாக்ஸ்2டி' என்ற இயற்பியல் நூலகத்தின் (பொருட்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் ஆயத்த நிரல் தொகுப்பின்) மேல் எண்ணற்ற கேம்கள் நிற்கின்றன. அவற்றை ரசித்தவர்களில் மிகச் சிலருக்கே அவர் பெயர் தெரியும். பெயர்ப்பட்டியலை வெளியீட்டு வாரத்தில் அவசரமாகத் தொகுக்காமல், ஒருவர் வேலையைத் தொடங்கும் நாளிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பாதியில் விலகியவர், மொழிபெயர்த்தவர், ஊதியமின்றிச் சோதித்துக் கொடுத்தவர் ஆகியோர் விடுபட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி வாரத்தில்தான்.