பட்டர்ஃப்ளை: தமிழில் சிறகுமண்டி

பட்டர்ஃப்ளை என்பது ஐஸ் ஹொக்கியிலும், அதன் தம்பியான, சில்லுச் சப்பாத்தோடு ஆடும் இன்லைன் ஹொக்கியிலும் கோல்காப்பாளர் இறங்கி மறிக்கும் முறைக்குப் பெயர். இரண்டு முழங்காலையும் சேர்த்து நிலத்தில் ஊன்ற வேண்டும், அதே நேரம் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி இடமும் வலமுமாக விரிய வேண்டும். அப்போது காலில் கட்டிய பெரிய பேட்கள் பக்கவாட்டில் படுத்து, முகப்பை எதிராளிக்குக் காட்டி, கோலின் அடிப்பகுதியில் ஒரு தாழ்ந்த சுவராக நிற்கும். கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 2005 முதல் பேட்டின் அகலம் 11 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி, ஆகவே அந்தச் சுவரின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேலே வருவதைப் பிடிக்கும் கையுறையும், தட்டிவிடும் பிளொக்கரும், நெஞ்சுக் கவசமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலையகத்தில் ஹொக்கி என்றதும் மாத்தளைதான் நினைவுக்கு வரும், அங்கே ஆடுவது பந்து வைத்து ஆடும் தரை ஹொக்கி. ஆனால் மாத்தளையிலும் கண்டியிலும் கோல் காக்கிற பிள்ளைகள் போனில் பார்க்கிற பயிற்சி வீடியோக்களில் ஐஸ், இன்லைன், தரை எல்லாம் கலந்து வருகிறது, பட்டர்ஃப்ளை என்ற சொல்லும் அப்படித்தான் காதில் விழுகிறது. அதை அப்படியே வண்ணத்துப்பூச்சி நிலை என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்போம். சரியாகாது. யோகா வகுப்பில் வண்ணத்துப்பூச்சி என்று சொல்லித்தருகிற இருக்கையில் உள்ளங்கால்கள் சேரும், முழங்கால்கள் வெளியே விரியும். ஹொக்கியில் நேர் எதிர்: முழங்கால்கள் சேரும், பாதங்கள் வெளியே போகும். நீச்சலிலும் அதே பூச்சி பெயரில் ஒரு முறை இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று வேலை என்றால் பயிற்றுநர் மைதானத்தில் கத்தும்போது பிள்ளை எதைச் செய்யும்?

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்கான வழியும் தெரியும். தேசிய ஹொக்கி லீக் 1917இல் தொடங்கியபோது கோல்காப்பாளர் நின்றபடிதான் மறிக்க வேண்டும், வேண்டுமென்று விழுந்தால் தண்டனை. ஒட்டாவா அணியின் கிளின்ட் பெனடிக்ட் வழுக்கி விழுந்ததுபோல் திரும்பத் திரும்ப முழங்காலில் இறங்கினார். கும்பிடுகிறார் என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். 1918 ஜனவரியில் விதியையே மாற்றிவிட்டார்கள். பிறகு 1950களில் கிளென் ஹோல் முழங்காலைச் சேர்த்துக் காலை விரிக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். தொடர்ந்து 502 ஆட்டங்கள், அதுவும் முகமூடி இல்லாமல்! தலை பக்கின் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டின்) உயரத்துக்கு இறங்குகிற ஒரு முறையை வெறும் முகத்தோடு ஆடியது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். ஜாக் பிளான்ட் 1959 நவம்பரில் முகமூடியோடு ஆட்டத்துக்கு வந்த பிறகு அது மெல்ல மெல்ல வழக்கமாக, தாழ்ந்து மறிப்பதற்கும் பயம் குறைந்தது. 1980களில் மொன்ட்ரியல் அணியின் பாட்ரிக் ருவாவும் பயிற்றுநர் பிரான்சுவா அலேரும் இதை ஒரு முழு ஆட்டமுறையாகவே வளர்த்தார்கள். பட்டர்ஃப்ளை என்ற பெயர் முன்னால் இருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்த வடிவம், அவ்வளவுதான். விரிந்த இரண்டு கால்கள் இரண்டு சிறகுகள்.

கோல்காப்பாளர் செய்கிற வேலையோ மண்டியிடுவது. தமிழில் அதற்கு மண்டி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, பரதம் படிக்கிற பிள்ளைகளுக்கு அரைமண்டி, முழுமண்டி நன்றாகத் தெரியும். (நிலைகளுக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை, வில்லாளர் நிற்கும் நிலைகளையே பைசாசம், மண்டிலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறோம்.) மண்டி வேலையைச் சொல்கிறது, சிறகு வடிவத்தைச் சொல்கிறது. சேர்த்தால் சிறகுமண்டி. இறகுமண்டி என்று எழுதிவிடாதீர்கள், இறகு என்பது ஒற்றைத் தூவல்.

இன்லைன் என்றால் சில்லுகள் ஒரே வரிசையில் இருக்கும் சப்பாத்து. பனி இல்லாத மாதங்களிலும் ஐஸ் ஹொக்கிப் பயிற்சி செய்ய விரும்பிய மினசோட்டாவின் ஓல்சன் சகோதரர்கள் 1980இல் ரோலர்பிளேட் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான் அது பரவியது. சிறகுமண்டிக்கு உண்மையான சோதனை இந்தச் சில்லு ஆட்டத்தில்தான். பனியில் ஒரு காலால் தள்ளினால் மண்டியிட்டபடியே கோலின் அந்தப் பக்கம் வரை வழுக்கிப் போகலாம். பிளாஸ்டிக் தரையில் பேட் பிடித்துக்கொள்ளும். அதனால் பேட்டின் தரையில் படும் ஓரத்தில் வழுக்கும் தகடோ உறையோ பொருத்துகிறார்கள். சில்லையும் பனிச் சப்பாத்தின் இரும்புப் பிளேட்டைப்போல் பக்கவாட்டில் வழுக்கி நிறுத்த முடியாது. அப்புறம், ஓர் அணியில் ஓடி ஆடுகிறவர்கள் நான்கே பேர், இடம் நிறைய, குறுக்கே கொடுக்கும் பாஸ்களும் நிறைய. சீக்கிரம் இறங்கியவர் அந்தப் பாஸுக்கு எழும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஆகவே இன்லைனில் நின்றபடி முன்னே வந்து கோணத்தைக் குறைத்து, அடி கிளம்பியதும் மட்டுமே மண்டியில் இறங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. முழங்கால் பக்கம் நல்ல தடித்த உள்பேட் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம், இடுப்பு மூட்டும் உள்பக்கமாகத் திருகுவதால் நன்றாக உடம்பைச் சூடேற்றாமல் செய்தால் வலி வரும்.

தரை ஹொக்கிப் பிள்ளைகளுக்கு ஒன்று: உங்கள் கோல் 3.66 மீற்றர் அகலம், பந்தைக் கிக்கரால் (பாதத்தில் கட்டும் கவசத்தால்) உதைத்து வெளியேற்றுவதே உங்கள் முதல் ஆயுதம். சிறகுமண்டியில் இறங்கிவிட்டால் உதைக்கக் கால் இல்லை. பக்கவாட்டில் நீட்டிப் படுத்து மறிப்பது உங்களுக்கு அதைவிடப் பொருந்தும்.

கூடவே வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை மட்டும் விரித்தால் ஒற்றைச்சிறகு. மண்டியிலேயே நகர்ந்தால் மண்டிச் சறுக்கு. கால்களுக்கு நடுவே உள்ள திறப்பை ஆங்கிலத்தில் ஐந்தாம் ஓட்டை என்று எண் போட்டுச் சொல்வார்கள். நமக்கு எண் தேவையில்லை, பந்து கவட்டுக்குள்ளால் போய்விட்டது என்று ஊரில் சொல்வதுதானே, கவட்டு வழி என்றே எழுதலாம்.