தேயிலைக் கட்டைக் கைப்பிடி ஏன் வெடித்தது?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் நடத்தும் சிறிய கோப்பிக் கடையில் எஸ்பிரெசோ மெஷினின் கறுப்புப் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் கடைந்த பிடி ஒன்றைப் பூட்டினார்களாம். வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்தார்களாம். இரண்டு மாதத்தில் பிடி நீளவாக்கில் வெடித்துவிட்டது. "வளர்பிறையில் வெட்டிய கட்டை, வெடிக்கத்தான் செய்யும்" என்கிறார் மாமா. உண்மையா?

முதலில் சூட்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் சந்தேகப்படுவது அதைத்தான். எஸ்பிரெசோவில் ஏறக்குறைய 93 பாகைச் சுடுநீர், 9 பார் அழுத்தத்தில் கோப்பித் தூளுக்குள் தள்ளப்படுகிறது. தூளைத் தாங்கும் போர்ட்டாஃபில்டர் கிண்ணம் பெரும்பாலும் பித்தளை. அதிலிருந்து நீளும் மரைத்தண்டில்தான் பிடி ஏறுகிறது. பித்தளை மரத்தைவிடச் சில நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் கிண்ணம் சுட்டாலும் மரப்பிடி கையைச் சுடுவதில்லை. அந்தச் சூடு மரத்தை வெடிக்கவைக்கப் போதாது. ஆனால் அது மரத்துக்குள் இருக்கும் நீரைக் கிளப்பிவிடுகிறது. கதை அங்கேதான் இருக்கிறது.

மரக் கலம் என்பது நீளமான, வெறுமையான குழாய். அதன் சுவரில் செலுலோசு நுண்ணிழைகள் கிட்டத்தட்ட குழாயின் நீளவாக்கிலேயே, சிறு சரிவுடன் சுற்றிக் கிடக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு இடையே ஐதரசன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு இழைகளை விலக்குகின்றன. ஒரு கட்டு ஈர்க்குக்கு இடையில் இன்னும் சில ஈர்க்குகளைச் செருகினால் கட்டு பருக்கும், நீளாது. மரமும் அப்படித்தான்: ஈரம் ஏறினால் குறுக்கே பருக்கும், இறங்கினால் குறுக்கே சுருங்கும். நீளத்தில் பச்சை மரம் முழுதாகக் காய்ந்தாலும் மாற்றம் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான்.

குழாயின் உள்வெளியில் நிற்கும் நீர் போகும்வரை சுருக்கமே கிடையாது. மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவருக்குள் ஒட்டியிருந்த நீர் கிளம்பத் தொடங்கும், மரமும் சுருங்கத் தொடங்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். குறுக்கே சுருங்குவது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரைத் திசையில் குறைவு, வளையத்தின் போக்கில் அதாவது பரிதித் திசையில் அதிகம். தேக்குக்கு அளந்த எண்கள்: ஆரையில் 2.5 சதவீதம், பரிதியில் 5.8 சதவீதம். மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்க்கலங்கள் அந்தத் திசையில் சுருக்கத்தை இழுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

பரிதி என்பது 2π பெருக்கல் ஆரை. இதில் மரத்துக்கு விலக்குக் கிடையாது. ஆரை 2.5 சதவீதம் குறைந்தால் வட்டத்தை மூடப் பரிதியும் 2.5 சதவீதம்தான் குறையலாம். ஆனால் மரம் பரிதியில் 5.8 சதவீதம் சுருங்கிவிட்டது. வட்டத்தை மூட மரம் போதவில்லை! கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழுதாகக் காய்ந்த தேக்கு உருளையில் 360 பாகையில் ஏறக்குறைய 12 பாகை குறையும். அந்த 12 பாகைதான் மையத்தில் கூராகவும் வெளியே அகலமாகவும் ஆப்பு வடிவில் திறக்கும் வெடிப்பு. விறகுக்கட்டையின் தலையைப் பார்த்தால் எப்போதும் இதே வடிவம்தான். மரத்தில் குறை தேட வேண்டியதில்லை. வடிவியல் சரியாக வேலை செய்திருக்கிறது.

ஆனால் இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: தண்டின் மையம் துண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அப்போதுதான் வளையம் மூடிய வளையம். மையத்தைத் தவிர்த்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் துண்டை எடுத்தால் மூட வேண்டிய வட்டமே இல்லை. அந்தப் பிடி காயும்போது கொஞ்சம் முட்டைவடிவாகும், அவ்வளவுதான்.

சரி, மலைநாட்டுக்கு வருவோம். பண்டாரவளை, ஹட்டன், நுவரெலியா, எதுவானாலும் மழைக்காலக் கணக்கு இதுதான். காற்று 16 பாகை, சாரீரப்பதன் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது) 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கிடக்கும் மரம் ஏறத்தாழ 18 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். கையில் காய்ந்ததாகத்தான் தெரியும். அதே காற்று மெஷினுக்குப் பக்கத்தில் 30 பாகைக்குச் சூடானால், அதிலிருக்கும் நீராவி கூடாமலே குறையாமலே, சாரீரப்பதன் 36 சதவீதத்துக்கு விழும். கடையில் போர்ட்டாஃபில்டரை நாள் முழுக்கச் சூடான மெஷினிலேயே பூட்டி வைப்பார்கள். பிடியின் ஈரம் 8 சதவீதம் வரை இறங்கிவிடலாம். 10 புள்ளி இறக்கம் என்றால் மொத்தச் சுருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள தேக்குப் பிடி, மையம் உள்ளேயே இருந்தால், 4 பாகை குறைபடும். விளிம்பில் அது 1 மில்லிமீற்றர். நகம் நுழையும்.

தேயிலைக் கட்டையில் இந்தத் தொல்லை கூடுதல். கவ்வாத்து செய்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி வெட்டி, இடுப்பளவிலேயே நிறுத்திய செடி அது. கிளைகள் மெல்லியவை, பிடிக்கு வேண்டிய பருமனில் ஒரு துண்டு எடுத்தால் மையமும் கூடவே வந்துவிடும். பழைய கவ்வாத்துக் காயங்களில் நாரின் போக்கும் முறுகியிருக்கும். நூறு வயதைத் தாண்டிய விதைத் தேயிலையின் அடிக்கட்டையில்தான் மையத்தை ஒதுக்கிவிட்டுத் துண்டு எடுக்க இடம் இருக்கும்.

மாமாவுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்ல வேண்டும். மையத்தை உள்ளே வைத்து ஈரத்தோடு கடைந்தால் வளர்பிறைக் கட்டையும் வெடிக்கும், தேய்பிறைக் கட்டையும் வெடிக்கும். நாள் பார்க்கும் பழக்கத்தில் எனக்குள்ள மனக்குறை, அது கேள்வியை அங்கேயே முடித்துவைக்கிறது என்பதுதான். கட்டை காய்ந்துவிட்டதா என்று தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே பிறகு வருவதில்லை. தலவாக்கலையில் தேயிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நாடு இது. கொழுந்தை ஆராயச் செலவிடுகிற பணத்தில் சிறு பங்கைப் பிடுங்கிய செடியின் கட்டைக்கும் ஒதுக்கி, தேக்குக்கு இருப்பதுபோல் சுருக்க அட்டவணை ஒன்றை ஒவ்வொரு கடைசல் பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலில் நல்ல காசு பார்க்கலாம்.

அடுத்த பிடிக்குச் செய்ய வேண்டியது இது. அடிக்கட்டையை மையத்தின் வழியே பிளந்து, நடுவில் உள்ள சோற்றுப் பகுதியைச் செதுக்கி எறியுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகுதிரியை உருக்கிப் பூசுங்கள். நாரின் முனை வழியாகத்தான் நீர் வேகமாக வெளியேறும், அவசரமாகக் காயும் முனைதான் முதலில் பிளக்கும். தேவைக்கு மேல் தடிப்பாக ஒருமுறை கடைந்து, அந்தக் கோப்பிக் கடையிலேயே மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்ற பிறகு மறுபடி கடைந்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெயோ வார்னிஷோ ஈரத்தின் போக்கைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆகவே காயவைப்பதைப் பூச்சால் ஈடுகட்ட முடியாது.

மரையை நேரே மரத்தில் வெட்ட வேண்டாம். நாரின் முனையில் வெட்டிய மரைப்பற்களில் நார்கள் துண்டு துண்டாக நிற்கும், பிடியைத் திருகும் விசையில் உதிர்ந்துவிடும். பித்தளை உள்மரை (உட்பக்கம் மரை வெட்டிய சிறு குழாய்) ஒன்றை எபொக்சிப் பசையால் ஒட்டுவதே நல்லது. பெரும்பாலான மெஷின்களுக்கு 12 மில்லிமீற்றர் மரை, சிலவற்றுக்கு 10. வாங்கும் முன் அளந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபொக்சி சூட்டில் இளகும், மெதுவாக இறுகும் வகையே வேண்டும். வெடித்த பிடியில் ஏற்கெனவே உள்மரை இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு போல்ட்டைத் திருகி, போல்ட்டின் தலையைச் சோல்டரிங் அயனால் சூடாக்கினால் பசை இளகும், இடுக்கியால் இழுத்துப் புதிய பிடிக்கு எடுத்துக்கொள்ளலாம்.