கையில் சாவி, தலையில் ஒயர்

“மூணு தடவை இ.இ.ஜி. எடுத்தாச்சு. மூணும் நார்மல்னு எழுதியிருக்காங்க. அப்புறம் ஏன் தம்பி இவனுக்கு வலிப்பு நிக்கல?”

தலையில் எலக்ட்ரோடு எனும் ஒயர் முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. அதை எடுக்கும் டெக்னீஷியனான என்னிடம் எத்தனையோ அம்மாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இந்த அம்மாவின் பையனுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. இரண்டு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்கவில்லை. வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புமாம், அப்புறம் சப்புக்கொட்டிக்கொண்டே நினைவு போய்விடுமாம்.

வழக்கமான இ.இ.ஜி. 20, 30 நிமிடம்தான். அந்த நேரத்தில் மூளை சும்மா இருந்தால் கோளாறு எதுவும் பதிவாகாது. சும்மா இல்லாவிட்டாலும் மண்டையோட்டைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்வது மைக்ரோவோல்ட் கணக்கில்தான். மூளையின் மேற்பரப்பில் சுமார் 10 சதுர சென்டிமீட்டராவது ஒரே சமயத்தில் துடித்தால்தான் வெளியே ஒரு கூரான அலை தெரியும். ஆழத்தில், சின்ன இடத்தில் நடப்பது எங்களுக்கு எட்டாது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாகத்தான் வரும்.

சரி, அலை தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை ஒவ்வொரு கோடாகப் பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு கோடுகளில் ஒன்று கீழே பாய்ந்து, மற்றது மேலே எழும்பி, முனையோடு முனை முட்டினால், இரண்டுக்கும் பொதுவான எலக்ட்ரோடுக்கு அருகில்தான் விவகாரம். ‘அருகில்’ என்றுதான் சொல்ல முடியும். வெளியே அளந்த மின்சாரத்தை மட்டும் வைத்து உள்ளே அது கிளம்பிய இடத்தை ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டிவிட்டார். இன்று கம்ப்யூட்டர் மூளைப் படத்தில் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் சில அனுமானங்களோடு போட்ட கணக்கு அது. அதை மட்டும் நம்பி யாரும் ஆபரேஷன் கத்தியைத் தொடமாட்டார்கள்.

அதனால்தான் வீடியோ இ.இ.ஜி. ஆஸ்பத்திரியிலேயே சில நாள் படுக்கவைத்து, டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்து, கேமராவும் இ.இ.ஜி.யும் சேர்ந்து ஓட, வலிப்பு வரும்வரை காத்திருப்போம். (வீட்டில் நீங்களாகக் குறைத்துப் பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.)

இந்தப் பையனுக்கு இரண்டாம் நாள் ராத்திரி வந்தது. அம்மா ஓடிவந்து கேமராவை மறைத்தபடி அவன்மேல் சாய்ந்து, இடது கையில் சாவிக்கொத்தைத் திணித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். எனக்கு வருத்தம் வேறு. அந்தக் கை என்ன செய்தது என்று பார்க்கத்தானே இத்தனை ஏற்பாடும்!

மறுநாள் வலிப்பு மீண்டும் வந்தபோது, நாங்கள் சொன்னபடி அம்மா வலிப்பு நேரத்தைக் குறிக்கும் பட்டனை அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். வலது கை போர்வையைத் தடவிக்கொண்டிருக்க, இடது கை மெல்ல முறுக்கிக்கொண்டு விறைத்தது. முடிந்ததும் வலது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியில் ஆரம்பிக்கும் வலிப்பில் முறுக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தையும், மூக்கைத் துடைக்கும் கையின் அதே பக்கத்தையும் சந்தேகிப்போம். இரண்டும் வலது பக்கத்தையே காட்டின. கோடுகளைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தோம். கை முறுக்குவதற்குச் சில வினாடி முன்பே வலது நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலக்ட்ரோடுகளில் நொடிக்கு ஆறு, ஏழு தடவை ஒரே தாளமாக அலை கிளம்பியிருந்தது. எம்.ஆர்.ஐ.-யைத் திரும்ப எடுத்துப் பார்த்த டாக்டர், அதே பகுதியின் ஆழத்தில் உள்ள வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதைக் காட்டினார். கை அசைவு, இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய எலக்ட்ரோடுகளை உள்ளேயே செலுத்திப் பார்க்கவேண்டி வந்திருக்கும்.

வலிப்பு கிளம்பும் இடத்தை எடுக்க ஆபரேஷன் என்றதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1950-களிலேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்தவர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் 1995-லிருந்து செய்கிறார்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் இந்த வீடியோ இ.இ.ஜி. பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். பத்து வருடம் கழித்து வருபவர்களே அதிகம்.

வரும்போது தலைக்கு எண்ணெய் வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டாது. வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். முகம் மட்டும் போதாது, இரண்டு கைகளும் தெரியவேண்டும்.