வற் (பெறுமதி சேர் வரி) கூடும்போது வீட்டிலிருந்து விற்பவருக்கு என்ன நடக்கிறது?

"நான் வற்றுக்குப் பதியவே இல்லை, அது கூடினால் எனக்கென்ன?" கிளிநொச்சியில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்க்கும் என்னிடம் வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். சேலையும் நைட்டியும் எடுத்து விற்பவர்கள், நிறுவனத்தின் விலைப் புத்தகத்தைக் காட்டி அழகுசாதனப் பொருட்களுக்கு ஓடர் எடுப்பவர்கள், மிளகாய்த்தூள் இடித்துப் பைகளில் அடைத்துக் கொடுப்பவர்கள் என்று எல்லோருக்கும் இதே நினைப்பு இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நடப்பது வேறு.

பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த கடைக்காரர், தான் கொள்முதலில் கட்டிய வரியை விற்பனையில் வாங்கிய வரியிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவார். பதியாத உங்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. நீங்கள் வாங்கும் விலைக்குள் இருக்கிற வரி முழுவதும் உங்கள் செலவு. 2024 ஜனவரி 1 முதல், ஆண்டுக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல், அல்லது ஒரு காலாண்டில் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பவர்தான் பதிய வேண்டும் என்று எல்லை வைக்கப்பட்டது. விசுவமடுவிலோ மல்லாவியிலோ வீட்டு அறையில் சாமான் அடுக்கி விற்பவர் அந்த எல்லைக்குக் கிட்டவும் வரமாட்டார்.

2019 டிசம்பரில் 8 சதவீதமாக இறக்கப்பட்ட இந்த வரி, 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. கடைசி ஏற்றத்தை "மூன்று வீதம்தானே" என்று பலர் விட்டுவிட்டார்கள். சரி, கணக்கைப் பாருங்கள். வரிக்கு முன் 1,000 ரூபா விலையுள்ள ஒரு சாமான் 15 வீதத்தில் உங்களுக்கு 1,150 ரூபாவுக்கு வந்தது. அதை 1,350க்கு விற்றீர்கள், இலாபம் 200. இப்போது அது 1,180க்கு வருகிறது. அதே 1,350க்கு விற்றால் இலாபம் 170. வரி மூன்று வீதம் கூடியதற்கு உங்கள் இலாபம் பதினைந்து வீதம் குறைந்துவிட்டது. அந்தப் பழைய 200 ரூபா வேண்டுமானால் 1,380க்கு விற்க வேண்டும். முப்பது ரூபா கூட்டிக் கேட்க அயலவரிடம் வாய் வராது, எனக்கும் தெரியும். ஆனால் கூட்டாமல் விட்டால் அந்த முப்பது ரூபாவை நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

வன்னியில் இதை இன்னும் மோசமாக்குவது கடன் வியாபாரம். இங்கே பாதிப் பேர் கையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. விற்பவரின் கொப்பியைத் திறந்தால் தெரியும்: பெயர், சாமான், தொகை, பக்கத்தில் "வெட்டு முடியத் தருவா" என்று ஒரு குறிப்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுத்த உடுப்புக்குக் காலபோக நெல் வெட்டி, விற்று, மாசியிலோ பங்குனியிலோதான் காசு வரும். 2024 ஜனவரி 1, தீபாவளிக்குச் சாமான் கொடுத்ததற்கும் அதன் காசு வந்ததற்கும் நடுவில் விழுந்தது. 15 வீத விலையில் சாமான் போய்விட்டது, வந்த காசு அந்த விலைக்கே வந்தது, அதை எடுத்துக்கொண்டு கொள்முதலுக்குப் போனால் அங்கே 18 வீத விலை. கொப்பியில் இலாபம் போலத் தெரிந்த தொகையின் ஒரு பகுதி, அதே எண்ணிக்கைச் சாமானைத் திரும்ப எடுக்கவே போய்விட்டது. கைமுதல் ஏன் தேய்கிறது என்று அவர்களுக்கே புரியவில்லை. நுண்கடன் எடுத்துச் சாமான் போட்டவருக்குத் தவணையும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஆகவே கடனுக்குக் கொடுக்கும்போது இன்று வாங்கிய விலையை வைத்து மட்டும் விலை சொல்லாதீர்கள். அதே சாமானைத் திரும்ப எடுக்க என்ன விலை ஆகும் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். வரி மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தால், அன்றிலிருந்து நீண்ட கடனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து விற்பவர்களுக்கு வரி வேறு வழியால் வரும். பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு மூன்றும் முன்பு இந்த வரிக்கு வெளியே இருந்தன. 2024இல் உள்ளே வந்தன. அடுப்புக்கும், ஒட்டுசுட்டான் வரை ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் ஆகும் செலவை விலைக்குள் போடாதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

அடுத்தது பற்றுச்சீட்டு. நீங்கள் பதியாதவராக இருந்தால் வாடிக்கையாளரிடம் வற் என்ற பெயரில் ஒரு ரூபாவும் தனியாக வாங்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். விலையைக் கூட்டுங்கள், ஆனால் ஒரே விலையாகச் சொல்லுங்கள். இதையே உங்களுக்கு விற்பவரிடமும் பாருங்கள். சாதாரணப் பில் கொப்பியில் பேனையால் "வற் 18%" என்று எழுதித் தொகையைக் கூட்டிய சீட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. பதிந்தவருக்கு ஒன்பது இலக்கமும் பின்னால் 7000மும் கொண்ட வற் இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் இறைவரித் திணைக்களத்தின் 1944க்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு வற் பதிவு ஆகாது, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அதிகபட்ச விலை அச்சிட்ட சாமானை அதற்கு மேல் விற்க முடியாது. பழைய விலையைச் சுரண்டுவதும் புதுச் சீட்டு ஒட்டுவதும் நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்தில் குற்றம். நிறுவனத்துக்கு விற்றுக் கொடுப்பவர்கள் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உங்கள் கமிஷன் வரிக்கு முந்திய விலையிலா, வரி சேர்த்த விலையிலா?

இலாபம் சுருங்கும் இந்த நேரத்தில்தான் "விற்கவே தேவையில்லை அக்கா, கீழே நாலு பேரைச் சேர்த்தால் போதும்" என்று ஒருவர் வருவார். ஆள் சேர்ப்பதால் மட்டும் காசு வரும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.

கணக்கு எழுதினால் வரிக்காரர் வருவார் என்று பயந்து கொப்பியையே வைக்காதவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதுவும் விற்பனைத் தொகையில் பார்ப்பதல்ல, செலவு போன மிச்சத்தில். எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் மொத்த வியாபாரியுடன் இப்போதே பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வற் பதிவு எல்லையை 6 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. எல்லை இறங்கினால் இதுவரை பதியாத நகரத்துக் கடைகள் சில பதிய வேண்டி வரும். அப்போது "இனி 18 வீதம் கூட" என்று அவர் சொன்னால் அப்படியே தலையாட்டாதீர்கள். 1,000 ரூபாச் சாமானுக்கு 180 வரி கட்டி எடுத்து, 120 இலாபம் வைத்து உங்களுக்கு 1,300க்குத் தந்தவர், பதிந்த பிறகு அந்த 180ஐத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். அதே 120 இலாபம் அவருக்குக் கிடைக்க 1,120க்கு 18 வீதம் போட்டால் வருவது ஏறத்தாழ 1,322. நியாயமான ஏற்றம் 22 ரூபா. 1,300க்கு மேல் 18 வீதம் போட்டு 1,534 கேட்டால், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே எழுதிக் காட்டுங்கள்.