தண்ணீரைக் கொட்டின கட்டத்தில் ஏன் பாம்பு?

சுகாதார ஆய்வாளராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பல வருடம் நான் செய்தது ஒன்றுதான், காலை பிரேயரில் மைக் பிடித்துப் பேசுவது. "தண்ணீர் தேங்க விடமாட்டோம்" என்று பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளைகளின் தெருவில் டிரம்முக்கு டிரம் கொசுப்புழு நெளியும்.

அப்புறம்தான் பரமபதத்தைக் கையில் எடுத்தோம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க வீட்டில் விரிப்பார்களே, அதேதான். பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம் 100 கட்டம், பெயிண்டில் பாம்பும் ஏணியும், அட்டைப்பெட்டியில் செய்த பெரிய பகடை, காய்க்குப் பதில் பிள்ளைகளே கட்டத்தில் நிற்பார்கள். கூடுதலாக ஒரே விதி: பாம்போ ஏணியோ, ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். தெரியாவிட்டால் எதிரணி சொல்லலாம், சரியாகச் சொன்னால் அவர்களுக்கு இன்னொரு உருட்டு.

43-வது கட்டத்தில் "டிரம்மில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டினேன்" என்று எழுதி, அங்கே ஒரு பாம்பு வைத்திருக்கிறோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் வந்து நின்றாள். "சார், கொட்டினது நல்லதுதானே, ஏணிதானே வரணும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். சரி வா என்று பள்ளிக்கூட டிரம்மைச் சாய்த்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே கரித்தூள் ஒட்டியது போலக் கறுப்புப் பொடி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை அது. தண்ணீரைக் கொட்டினாலும் சுவரை விட்டுப் போகாது, காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும், அதனால்தான் வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். தேங்காய் நாரை எடுத்து அவளே தேய்த்தாள். அடுத்த மாதம் அவர்கள் தெருவுக்குப் போனபோது, "ஞாயித்துக்கிழமை ஆனா இந்தப் பிள்ளை டிரம்மை உருட்ட ஆரம்பிச்சிடுது" என்றார் அவளுடைய அப்பத்தா.

கொக்கிப்புழுவுக்கும் ஒரு பாம்பு உண்டு. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாகவே உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும். அந்தப் பாம்பின் வால் "ரத்தசோகை" கட்டத்தில் முடியும். பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரைக்கு ஏணி.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பலகையில் "வீட்டில் கழிப்பறை இல்லை" என்று ஒரு பாம்பு வைத்திருந்தோம். ஒரு பையன் அதில் போய் நின்றான். காரணம் கேட்டதும் பேசவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அம்மா கட்ட முடியாததற்குப் பிள்ளையை ஏன் கீழே இறக்க வேண்டும்? பிள்ளையின் கையில் இருப்பதை மட்டும் கட்டத்தில் எழுதுங்கள். அன்று மாலையே அந்தப் பாம்பைப் பெயிண்ட் அடித்து மறைத்தோம். இப்போது அங்கே இருப்பது ஏணி: "பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னோம்."